கணினி நேரம் அறியுமாறு

காலம் பொன் போன்றதென்பர் பெரியோர். பொன்னை நிறுக்கத் தராசு வேண்டுவது போலக் காலத்தை அளக்கக் கடிகாரம் வேண்டும். தராசின் முள் கோணினால் விற்போனுக்கும் கொள்வோனுக்கும் இழப்பு நேர்தல் யாவரும் அறிந்ததே. கணினித் திரையின் மூலையிற் சிற்றெழுத்தில் தோன்றும் கடிகாரம் பிழைபடின் யாது நேருமென்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலையில் நேர்ந்த நிகழ்ச்சி அறிவுறுத்தும் வரை யானும் எண்ணிப் பார்த்தவனல்லேன்.

என் அறைத்தோழர் ஒருவர் கல்வி உதவித்தொகை வேண்டி விண்ணப்பம் அனுப்புதற்கு அன்றே இறுதி நாள். அவ்வுதவியின்றி அவர் படிப்புத் தொடர்வதற்கில்லை. விடுமுறை கழிந்து அன்றுதான் ஊரிலிருந்து திரும்பிய யாங்கள், பழையதாய் விலைக்கு வாங்கியிருந்த என் கணினியைத் திறந்தோம். இணையத் தொடர்பு கிடைத்தது. ஆயினும் எந்தத் தளத்தையும் கணினி திறக்க மறுத்தது. ‘இத்தளம் நம்பத்தக்கதன்று’ என்னும் எச்சரிக்கையே மீண்டும் மீண்டும் தோன்றிற்று. கம்பியைக் கழற்றி மாட்டினோம். கணினியை நிறுத்தி மறுபடியும் இயக்கினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணே கழிந்தது. அவ்வழியே வந்த மூத்த மாணவர் ஒருவர் திரையின் மூலையைச் சுட்டி, “தம்பி, உங்கள் அறையில் இஃது எந்த ஆண்டு?” என்று வினவினார். நோக்கினோம், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே நின்றது!

காரணம் எளியது. கணினி உறங்கும் பொழுதும் அதன் கடிகாரம் ஓடுதற்பொருட்டு உள்ளே காசளவினதான பாட்டரி ஒன்று உண்டு, அது செத்துப்போயிற்று. தானே நேரங்கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டையும் முன்பு உடையவர் நிறுத்தி வைத்திருந்தார். இணையத்தளங்கள் தம்மை மெய்யென நாட்டுதற்குக் காட்டும் சான்றிதழ், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லுமென வரையறுக்கப்பட்டது. பழைய ஆண்டில் நின்ற எங்கள் கணினிக்கு, இவ்வாண்டுச் சான்றிதழ்கள் யாவும் இன்னும் நடைமுறைக்கு வாராத பத்திரங்களாகவே தோன்றின. நாளையும் நேரத்தையும் திருத்தினோம், தளம் திறந்தது, விண்ணப்பம் நள்ளிரவுக்குச் சிறிது முன்னர்ச் சென்று சேர்ந்தது. அன்று முதல், கணினிகள் நேரத்தை அறிந்து காக்கும் முறையை ஆராயும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. யான் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

கணினியின் கடிகாரத்துக்கு உயிராயிருப்பது குவார்ட்ஸ் என்னும் படிகத் துண்டாகும். மின்சாரம் பாயுங்கால் அஃது இடையறாது அதிரும். நாள் நேரங் காக்கும் படிகம் பெரும்பாலும் விநாடிக்கு 32,768 முறை அதிருமாறு அறுக்கப்படுகின்றது. இரண்டைப் பதினைந்து முறை தன்னாற் பெருக்கின் வரும் எண் இதுவாதலின், பாதி பாதியாகக் குறைத்துச் சென்று ஒரு விநாடியைப் பெறுதல் எளிது. ஆயினும், எந்தப் படிகமும் குறையற்றதன்று. வெப்பம் மாறின் அதிர்வும் மாறும். பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழையுள்ள படிகம் நல்லதென்றே கொள்ளப்படும். அதுவும் நாளொன்றுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 50 விநாடிக்கு மேல் வழுவும். ஆதலின், தனித்து விடப்பட்ட கடிகாரம் எத்துணை விலை உயர்ந்த கணினியில் இருப்பினும் நாளடைவிற் பொய் சொல்லியே தீரும். மெய்யான நேரத்தை அறிந்த மற்றொன்றை அடிக்கடி வினவுதலே அதற்குள்ள வழி.

ஓரிடத்து நேரத்தைக் கம்பி வழியே பிறிதோரிடத்துக்கு அறிவித்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1792ஆம் ஆண்டிற் சென்னையில் அமைந்த வானாராய்ச்சி நிலையத்தின் நேரம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தந்தி வழியாக இருப்புப்பாதை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது. இந்தியப் பொது நேரம் 1906இல் ஏற்படுமுன் இரயில்கள் பல ‘சென்னை நேர’த்தைப் பின்பற்றியே ஓடின. ஆயின், தந்திக் குறிப்புக் கம்பியில் நேரே ஓடிக் கணத்திற் சேரும். இணையத்திற் செல்லும் செய்தியோ பல சந்திகளில் நின்று, வரிசையிற் காத்து, ஒருகால் விரைந்தும் ஒருகால் தாழ்த்தும் செல்லும். அத்தகைய வழியில் நேரத்தைப் பிழையின்றி எங்ஙனம் கொணர்வது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் அமெரிக்காவில் டெலவேர் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த டேவிட் மில்ஸ் என்பார். அவர் வகுத்த முறை ‘நெட்வொர்க் டைம் புரோட்டோகால்’ என்பது, சுருக்கமாக என்.டி.பி. என வழங்கும். 1985இல் முதன்முதல் வெளியிடப்பட்ட அது, பலமுறை திருத்தப்பெற்று, 2010இல் நான்காம் பதிப்பாக வெளிவந்தது. மில்ஸ் பிறவியிலேயே கண்ணோயுற்றவர். முதுமையிற் பார்வையை முற்றும் இழந்தார். 2024 ஜனவரியில் தம் 85ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் கண்ட உபாயத்தை ஓர் உவமையால் விளக்குவேன். நம் வீட்டுக் கடிகாரம் பிழையெனக் கருதி, அடுத்த தெருவிலுள்ள மணிக்கூண்டைப் பார்த்து வருமாறு ஒரு சிறுவனை அனுப்புகின்றோம். அவன் திரும்பி வந்து சொல்லும் நேரம், நடந்து வந்த அளவுக்குப் பழையதாகிவிடும். அவன் நம் வீட்டை விட்டுப் புறப்பட்டதையும் வந்து சேர்ந்ததையும் நம் கடிகாரத்தாற் குறிப்போம். அங்கே சேர்ந்ததையும் அங்கிருந்து புறப்பட்டதையும் மணிக்கூண்டாற் குறித்து வரச் சொல்வோம். இந்நான்கு குறிப்பும் இருப்பின் வழியிற் கழிந்த காலமும் கடிகாரத்தின் பிழையும் ஒருங்கே வெளிப்படும்.

சான்றாக, நம் கணினி 10 மணி 0 நிமிடம் 0 விநாடியில் வினாவை அனுப்பிற்று எனக் கொள்வோம். நேரங்கூறும் கணினியாகிய டைம் சர்வர், தன் கடிகாரத்தில் 5.030 விநாடியில் அதனைப் பெற்று, 5.040 விநாடியில் விடை விடுத்தது. நம் கணினி தன் கடிகாரத்தில் 0.070 விநாடியில் அவ்விடையைப் பெற்றது. நாம் காத்திருந்தது 0.070 விநாடி, அதில் 0.010 விநாடி சர்வரிற் கழிந்தது, எஞ்சிய 0.060 விநாடியே போக்குவரத்துக்கு ஆனது. போகுங்கால் இரு கடிகாரங்களுக்குமிடையே தோன்றிய வேறுபாடு 5.030, வருங்காலத் தோன்றியது 4.970. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கின் சரியாக 5 விநாடி. நம் கடிகாரம் 5 விநாடி பின்தங்கியதென்பது பெறப்பட்டது. போன வழியும் வந்த வழியும் ஒத்த காலம் எடுத்தனவென்பதே இக்கணக்கின் துணிபு. ஒன்று மற்றதினும் நீண்டதாயின், அவ்வேற்றுமையிற் பாதி விடையிற் பிழையாய்ப் புகும். ஆகவே, பலமுறை வினவி, விரைந்து வந்த விடைகளுக்கே மிகுந்த மதிப்பளிப்பது இம்முறையின் வழக்கம்.

நேரங்கூறும் சர்வர் தான் யாரிடம் கேட்டறிகின்றது? இங்கே குருபரம்பரை போன்றதோர் வரிசை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பூஜ்யப் படியில், அணுக்கடிகாரங்களும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களினின்று நேரம் பெறும் கருவிகளும் நிற்கும். அவற்றோடு நேரே இணைந்த சர்வர்கள் முதற்படி. அவற்றை வினவுவன இரண்டாம்படி. இவ்வாறே 15 படி வரை செல்லும். 16 என்பது ‘நேரம் அறியாதது’ என்பதற்கு அடையாளம். அணுக்கடிகாரத்தின் மதிப்பை ஒன்று கூறி அமைவேன்: 1967 முதல் ஒரு விநாடி என்பது, சீசியம் அணுவுக்குரிய கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகள் நிகழும் காலமென உலக நாடுகளால் வரையறுக்கப்பட்டுள்ளது. நம் நாட்டின் பொது நேரத்தைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு பேணி வருகின்றது.

ஆயினும், வழிகாட்டுவோரே வழிதவறலும் உண்டு. ஒரு கடிகாரம் உடையவன் அது சொல்வதையே நம்புவான். இரண்டு உடையவன், அவை மாறுபட்டால், எது மெய்யென்றறியாது திகைப்பான். மூன்று இருப்பின், ஒத்த இரண்டைக் கொண்டு பொய்யான ஒன்றை விலக்கலாம். நான்கிருத்தல் நலம், ஒன்று விடை கூறாதொழியினும் மூன்று எஞ்சுமன்றோ? என்.டி.பி. இவ்வாறே பல சர்வர்களை வினவி, ஒவ்வொன்றன் விடையையும் அதன் ஐயப்பாட்டு எல்லையோடு வைத்து, பெரும்பான்மை ஒத்து நிற்கும் பகுதியை மெய்யெனக் கொண்டு, ஒவ்வாதவற்றை ஒதுக்குகின்றது. கீத் மார்சுல்லோ என்னும் அறிஞர் 1984இற் காட்டிய நெறியைத் தழுவியது இது.

பிழையைக் கண்டறிந்ததும் கடிகாரத்தை உடனே தள்ளி வைத்தல் கூடாதோ எனின், கூடாது. நேரம் திடீரெனப் பின்னே செல்லின், முன் எழுதிய கோப்பு, பின் எழுதியதாய்த் தோன்றும், கணக்குகள் தலைகீழாகும். ஆதலின், மில்ஸ் குழுவினர் இயற்றிய நிரல், பிழை 128 மில்லி விநாடிக்குட்பட்டதாயின் கடிகாரத்தின் நடையைச் சிறிதே விரைவுபடுத்தியோ தளர்த்தியோ மெல்லத் திருத்தும். 100 மில்லி விநாடிப் பிழை நீங்க 200 விநாடியேனும் கொள்ளும். பிழை 1000 விநாடிக்கு மேற்படின், ‘இது நான் துணியும் காரியமன்று’ என்பது போலத் தன் பணியை நிறுத்தி, மனிதர் வந்து பார்க்க விட்டுவிடும். தன் படிகம் நாள்தோறும் எத்துணை வழுவுகின்றதென்பதையும் அது கற்றுக்கொள்ளும். கற்றபின், 64 விநாடிக்கொருமுறை வினவியது 1024 விநாடிக்கொருமுறை வினவினாற் போதுமென்னும் நிலை எய்தும்.

வினவுதற்கும் ஒரு முறைமை வேண்டுமென்பதை 2003ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டிற்று. அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் சர்வகலாசாலையின் நேரங்கூறும் சர்வரை விநாடிக்கு லட்சக்கணக்கான வினாக்கள் வந்து மோதின. வீடுகளில் இணையத் தொடர்புக்கு வைக்கும் சிறு கருவி ஒன்றில் அச்சர்வரின் முகவரியை மட்டுமே பொறித்து விற்றிருந்தனர். விடை வாராவிடின் விநாடிதோறும் மறுபடி கேட்குமாறும் அமைத்திருந்தனர். பொறுமையின்றிக் கேட்போர் பலராயின் சொல்வோன் வாயும் அடைபடும்.

நண்பர்காள்! உங்கள் கணினியிலே தானே நேரந் திருத்தும் ஏற்பாடு இயங்குகின்றதா என்று இன்றே பாருங்கள். மணி சரியாயிருந்தும் இணையத்தளங்கள் வேறு நேரம் காட்டின், இந்தியாவுக்குரிய நேர வலயம் குறிக்கப்பட்டுள்ளதா என்றும் நோக்குங்கள். கணினியை அணைத்துத் திறக்குந்தோறும் பழைய ஆண்டு தோன்றுமாயின், உள்ளிருக்கும் காசுப் பாட்டரியை மாற்றுங்கள். அதற்குச் செலவு சிறிது, அதனால் தப்பும் இடர் பெரிது. தன்னை மட்டும் நம்பிய கடிகாரம் என் தோழர் ஒருவரின் கல்வியையே கெடுக்கவிருந்தது. பலரைக் கேட்டு, ஒத்ததைக் கொண்டு, மெல்லத் திருந்தும் கடிகாரமே மெய் சொல்லும். அன்று அனுப்பிய விண்ணப்பம் ஏற்கப்பட்டது. என் தோழர் இன்றும் நம் கலாசாலையிற் பயில்கின்றார். அவர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் நோக்குவது திரையின் அம்மூலையைத்தான்.