மெஷினில் லேப்டாப்பைச் செருகும் முன்: இருவழி யுஎஸ்பி போர்ட்டுக்கு ஏன் தனிப் பாதுகாப்பு?

கொச்சி மட்டாஞ்சேரிக்கு இப்போது வாட்டர் மெட்ரோவிலேயே போய் இறங்கலாம். 2025 அக்டோபரில் அங்கே முனையம் திறக்கப்பட்டது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான இந்த ஹைபிரிட் படகுகள் பேட்டரி மின்சாரத்தில் ஓடுகின்றன. இப்படிப் பெரிய மோட்டார், இன்வெர்ட்டர் உள்ள இயந்திரங்களைப் பராமரிக்க டெக்னீஷியன்கள் லேப்டாப்பை இணைப்பார்கள். பல தொழிற்கருவிகளில் அதற்கு யுஎஸ்பி போர்ட்டே உண்டு. ‘ஒரு கேபிள்தானே, என்ன ஆகிடப்போகுது’ என்கிறீர்களா?

கேபிளில் என்ன ஆபத்து?

யுஎஸ்பி கேபிள் தரவையும் 5 வோல்ட் மின்சாரத்தையும் மட்டும் கடத்துவதில்லை. இரு பக்க ‘கிரவுண்ட்’டையும் சேர்த்துவிடுகிறது. இயந்திரத்தின் கிரவுண்டும் உங்கள் சார்ஜரின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. வித்தியாசம் இருந்தால் அந்த மெல்லிய கம்பி வழியே மின்சாரம் பாயும். இணைப்பு அறுந்துபோகலாம், போர்ட் எரியலாம். இயந்திரத்துக்குள் இன்சுலேஷன் பழுதானால் ஆளுக்கே ஷாக் அடிக்கலாம்.

ஐசோலேட்டர் என்ன செய்கிறது?

நடுவே ஒரு மின்தடுப்புச் சுவர் எழுப்புகிறது. நுண்ணிய காந்தச் சுருள் அல்லது கெபாசிட்டர் வழியே தரவு தாண்டும். கிரவுண்ட் மின்சாரம் தாண்டாது. உதாரணமாக, அனலாக் டிவைசஸின் ஏடியூஎம்4160 சிப் 5,000 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்கும். அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட்.

இருவழி போர்ட்டில் ஏன் சிக்கல்?

பென் டிரைவைச் செருகினால் மெஷின்தான் ‘ஹோஸ்ட்’. லேப்டாப்பைச் செருகினால் அதே மெஷின் ‘டிவைஸ்’. டைப்-சி போர்ட்டில் இதை முடிவு செய்பவை சிசி பின்கள். ஆனால் மேலே சொன்ன சிப்பில் ஹோஸ்ட் எந்தப் பக்கம் என்பது மாறாது. 5 வோல்ட்டும் திசை மாறுகிறது: பென் டிரைவுக்கு மெஷின் கொடுக்க வேண்டும், லேப்டாப் வந்தால் அது கொடுக்கும்.

அப்போ என்ன வழி?

சுவரை இடம் மாற்றுவது. போர்ட்டையும் யுஎஸ்பி கன்ட்ரோலரையும் சுவருக்கு வெளியே வைத்துவிடலாம். கன்ட்ரோலருக்கும் மெயின் போர்டுக்கும் இடையே யூஏஆர்டி, எஸ்பிஐ போன்ற எளிய இணைப்பை மட்டும் ஐசோலேட் செய்தால் போதும். ஹோஸ்ட்-டிவைஸ் மாற்றமெல்லாம் வெளியிலேயே முடிந்துவிடும். விலையாகக் கூடுதல் சிப், தனி ஐசோலேட்டட் பவர் சப்ளை, குறைந்த வேகம்.

நீங்கள் செய்ய வேண்டியது?

செருகும் முன் மேனுவலில் ‘ஐசோலேட்டட்’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தகுந்த வெளி ஐசோலேட்டரைப் பயன்படுத்துங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினால் எர்த் வழிப் பாதை அறுபடும். ஆனால் அது பாதுகாப்பு ஆகாது. லேப்டாப்பின் மேல் உங்கள் கை இருக்கிறதே!