உங்களுக்குத் தெரியுமா? இழையில் இருப்பவர்கள்

2020 கொரோனா காலத்தில் பிரிட்டன் மருத்துவமனைகளுக்கு, உல்லன் நூலில் பின்னிய சின்னச் சின்ன இதயங்கள் ஜோடி ஜோடியாக வந்தன. பின்னி அனுப்பியவர்கள் முகம் தெரியாத ஜனங்கள். ஒன்று நோயாளியின் கையில் இருக்கும். மற்றது பார்க்க வர முடியாத குடும்பத்துக்குப் போகும். உயிர் பிரிந்தால் கையில் இருந்தது அவரோடே போய்விடும். அதே ஆண்டில் நம் பக்கம் எத்தனை பேருக்குப் பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்தக்கூடக் கொடுத்துவைக்கவில்லை! அந்த ஆற்றாமை இன்னும் ஆறவில்லை.

குரோஷாவை அச்சு அசலாகப் பின்னும் இயந்திரம் இன்றுவரை இல்லை. அத்தை பின்னிய தோரணம் வாசலில் நிறம் மங்கித் தொங்குகிறதா? அதில் ஒவ்வொரு கண்ணியும் அவர் விரல் இழுத்தது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆள் துணையற்ற பெண்கள் பாடுபட்டு நூற்ற மெல்லிய நூலை, மலையில் தவழும் மேகத்துக்கு உவமை சொன்னவர் கபிலர். நற்றிணை, 353ஆம் பாட்டு.

1987 அக்டோபர் 11, வாஷிங்டன். எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர் தாங்கிய 1,920 துணிகளைத் திடலில் விரித்தார்கள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு ஆளைப் புதைக்கும் குழியின் அளவு.

“பழைய பட்டுப் புடவை” என்று கூவி வருபவர் வாங்கிப் போவது, சரிகையை உருக்கி வெள்ளி எடுக்கத்தான். பாட்டியின் கூறைப் புடவையைக் கொடுக்குமுன் ஒரு முழம் கரையாவது வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பேத்தியின் பாவாடைக்கு ஆகும்.

ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில், தறியில் பாவு (நீளவாட்டு இழைகள்) தீர்ந்ததும் பழைய இழைகளை முழுக்க உருவிவிடுவதில்லை. இழைகளை வரிசையாகத் தாங்கும் அச்சிலும் விழுதிலும் கோத்தது கோத்தபடியே இருக்க, வெளியே கொஞ்சம் நுனி விட்டு அறுப்பார்கள். பிறகு புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய நுனியோடு சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வதும் உண்டு. ஆயிரக்கணக்கான இழைகள்; கண் பூத்துப்போகும் வேலை. முதன்முதலில் அந்த விழுதில் இழை கோத்தவர் அப்பாவாக இருந்து, அவர் காலமாகியும் இருக்கலாம். விழுது மாற்றாதவரை, அவர் கோத்த வரிசையின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் மகனின் அடுத்த புடவை தறியில் ஏறுகிறது.