வீட்டில் தைக்கும் குழந்தை உடை

குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா அமையும் என்ற அறிவிப்பு 2023இல் வெளியானதிலிருந்து, நம் பக்கமெங்கும் ஆயத்த ஆடைகளைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. 1,052 ஏக்கரில் நூற்பு முதல் தையல் வரை யாவும் ஓரிடத்தில் நடைபெறவேண்டும் என்பதே அத்திட்டத்தின் நோக்கம். நல்லதே. ஆயினும், அருப்புக்கோட்டையில் தறி நெய்வோரும் சுற்றுப்புறக் கரிசலில் பருத்தி விளைவிப்போரும், தம் வீட்டுப் பச்சிளங் குழந்தைக்கு வழவழப்பான செயற்கையிழைச் சட்டையைச் சந்தையில் வாங்கி அணிவிப்பதைக் காணுங்கால் மனம் சற்றே வருந்துகிறது. ஒரு சேலையளவு கூடத் தேவையில்லை. தறியில் மிஞ்சும் துண்டே போதுமானது.

பருத்தி இழை, காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு வரை ஏற்கும். பாலியெஸ்டரோ அரைப் பங்கும் ஏற்பதில்லை. சித்திரை வெயிலில் குழந்தையின் கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு மலிவதற்கு, வியர்வை வெளியேற வழியின்றித் தங்குவதே காரணம். மெல்லிய மல் துணியோ, நெருக்கமின்றி நெய்த கைத்தறித் துணியோ இதற்கு ஏற்றது.

பிறந்த குழந்தைக்குப் பாட்டனாரின் பழைய வேட்டியைக் கிழித்துப் போடும் வழக்கத்தை நம்முள் சிலர் வறுமையின் அடையாளமாக எண்ணுவர். அது தவறு. நெய்வதற்குமுன் பாவுக்குக் கஞ்சி ஏற்றுகிறோம் அல்லவா? அக்கஞ்சி புதுத் துணியில் விறைப்பாகத் தங்கி மென்தோலை உராயும். பன்முறை வெளுத்த வேட்டியில் அது முற்றிலும் நீங்கியிருக்கும். புதுத் துணியைத்தான் உபயோகிப்பது என்றால், ஓரிரவு நீரில் ஊறவைத்து, இருமுறை அலசி, நிழலில் உலர்த்திய பின்னரே வெட்டவேண்டும். இதனைச் செய்யாமல் என் பேத்திக்கு நான் தைத்த முதற்சட்டை, முதல் சலவையிலேயே சுருங்கிக் கை நுழையாமற் போயிற்று. நெசவாளர் வீட்டிலேயே இப்படி நேர்ந்ததே என்று சம்பந்தி வீட்டார் நகைத்தனர்!

சாயத் துணியாயின், வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்துப் பார்க்கவேண்டும். நிறம் ஒட்டினால் விலக்குக. குழந்தை எதையும் வாயில் வைத்துச் சப்பும் இயல்பினது. புற்றுநோய் விளைவிக்கக்கூடிய சில அசோ சாயங்களை நம் நாட்டில் 1997இல் தடைசெய்தனர் என்பதும் நினைவிருத்தற்குரியது.

இனி வெட்டும் முறை. பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ.; ஓராண்டில் சுமார் 46 செ.மீ. ஆகிறது. தொடக்கத்தில் மார்பைவிடத் தலையே பெரிது. ஆகையால் தலைவழியே மாட்டும் சட்டை உதவாது. முன்புறம் திறந்த ஜப்லாவே உகந்தது. மூன்று மாதக் குழந்தைக்கு 50 செ.மீ. அகலமும் 70 செ.மீ. நீளமும் உள்ள துணியை, நீளவாக்கில் பாதியாக, 35 செ.மீ. வருமாறு மடிக்கவும். மடிப்பே தோள், அங்கே தையல் வேண்டா. இரு பக்கத்திலும் கீழிருந்து 22 செ.மீ. உயரமும் 11 செ.மீ. அகலமும் வெட்டி நீக்கினால், மேலே கையும் நடுவே உடலும் தாமாக அமையும். அக்குள் மூலையைச் சற்றே வளைத்து வெட்டுக. கழுத்துக்கு 10 செ.மீ. அகலம், முன் ஆழம் 5, பின் ஆழம் 2. பின்பு முன்பாதியை மட்டும் நடுவே நீளமாகப் பிளக்கவேண்டும்.

துணியின் உட்புறங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்துத் தைத்தால், தையல் விளிம்பு வெளிப்பக்கம் அமையும். அதை மடித்து மறுதையல் இடுக. பார்வைக்குச் சிறிது விகாரமாயிருப்பினும் குழந்தையின் தோலில் உறுத்தாது. சிறு வயதில் அழகைவிட இதுவே முக்கியம்.

பொத்தான் வேண்டவே வேண்டா. அறுந்த பொத்தான் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. வெட்டி நீக்கிய துண்டுகளிலிருந்தே 12 செ.மீ. நாடாக்கள் செய்து மார்பருகே தைக்கலாம். கழுத்தருகே நாடா கூடாது. குழந்தைகளின் மேலாடைக் கழுத்தில் இழுகயிறு அமைக்கலாகாது என்று அமெரிக்காவில் 1996இல் நெறிமுறை வகுத்தனர். கயிறு எங்கேனும் மாட்டிக் குழந்தைகள் இறந்ததே அதற்குக் காரணம்.

நடக்கத் தொடங்கிய பெண் குழந்தைக்குப் பாவாடை தைப்போர், அடிப்புறத்திற்குச் சற்று மேலே 2 செ.மீ. அளவில் மூன்று மடிப்புகள் வைத்துத் தைக்கலாம். ஒரு மடிப்பைப் பிரித்தால் 4 செ.மீ. நீளம் கூடும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று எனப் பிரித்து வந்தால், அடுத்த ஆண்டும் அதே பாவாடை கணுக்கால் வரை எட்டும். மடிப்பினுள் மறைந்திருந்த துணி மட்டும் வெளுக்காமல் சிறிது அடர்நிறமாய்த் தெரியும். அதன்மேல் ஒரு கரைத்துண்டை வைத்துத் தைத்துவிடலாம்.