விஷ்ணு பாறைக்கு இறங்கும் வழி

மெக்சிகோ எல்லையிலிருந்து யூட்டா எல்லை வரை அரிசோனா மாநிலத்தின் குறுக்கே ஓடும் ‘அரிசோனா டிரெயில்’ சுமார் 1,290 கிலோமீட்டர் நீளம். அதில் முழங்கால்களைக் கெஞ்ச வைக்கும் கட்டம் கிராண்ட் கேன்யன். தெற்கு விளிம்பில் தொடங்கும் சவுத் கைபாப் பாதை, ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கும் மேல் சரிந்து கொலராடோ ஆற்றைத் தொடுகிறது. நிழல் அரிது; வழியில் குடிநீர் இல்லை. இறங்க இறங்க வெயில் வேறு கூடும்.

காலடியில் முதலில் வருவது 27 கோடி ஆண்டு பழமையான கைபாப் சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்தது. அதற்குச் சற்றுக் கீழே வெளிறிய கொக்கோனினோ மணற்கல்: காற்று குவித்த பாலைவன மணல்மேடுகள் அப்படியே இறுகியவை. இன்னும் கீழே ‘ரெட்வால்’ என்ற சிவந்த செங்குத்துச் சுவர். பெயரை நம்ப வேண்டாம். உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம். மேலடுக்குகளின் இரும்புத் துருவை மழை கழுவிவந்து பூசியதுதான் அந்தச் சிவப்பு.

உண்மையான ஆச்சரியம் அதற்கும் கீழே. டபீட்ஸ் மணற்கல்லின் வயது சுமார் 51 கோடி ஆண்டுகள். பள்ளத்தாக்கின் பல இடங்களில் அது நேராக 170 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய விஷ்ணு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. (பிரம்மா, ராமா என்ற பாறைகளும் இங்கே உண்டு, பெயர் வைத்தவர்களுக்குக் கீழை நாட்டு மோகம்.) நடுவில் சுமார் 120 கோடி ஆண்டுகளைக் காணோம். 1869இல் படகில் வந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் இந்த இடைவெளியைக் கண்டு வியந்தார்.

அந்தக் காலமெல்லாம் உலகம் சும்மா இருக்கவில்லை. பூமிக்கடியில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியது விஷ்ணு பாறை. அது வெளியே தலைகாட்ட, மேலிருந்த மலைத்தொடர் முழுவதும் தேய்ந்து போக வேண்டியிருந்தது. கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை வெட்ட எடுத்துக்கொண்டது 50, 60 லட்சம் ஆண்டுகள்தான். வெட்டிய ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம். எல்லோரும் வாய்பிளக்கும் பள்ளத்தைவிட, அதற்கு முன்னால் சுவடில்லாமல் நடந்த அந்த அரிப்புதான் பெரிய வேலை என்பேன்.

சவுத் கைபாப் பாதையில் இன்னொரு விசேஷம்: டபீட்ஸுக்கும் விஷ்ணுவுக்கும் இடையே செம்மஞ்சள் அடுக்குகள் சாய்ந்து கிடக்கின்றன. நிலப்பிளவுகளில் சரிந்து தாழ்ந்ததால் அரிப்புக்குத் தப்பிய துண்டுகள் அவை. வயது 120 கோடி ஆண்டுகளை ஒட்டி. தொலைந்த காலத்தில் கொஞ்சம் இங்கே மிஞ்சியிருக்கிறது. ஆனாலும் அவற்றுக்கு மேலும் கீழும் இடைவெளிகள் உண்டு.

கடைசியில் பாறையைக் குடைந்த சிறு சுரங்கம் வழியாகத் தொங்குபாலத்துக்கு வருகிறோம். 1928இல் கட்டியது. வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் ஒரு டன் எடையுள்ள நீண்ட இரும்பு வடங்களைக் கோவேறு கழுதைகளால் கொண்டுவர முடியவில்லை. ஹவசுபாய் பழங்குடியினர் 42 பேர் வரிசையாக நின்று, ஒவ்வொரு வடத்தையும் தோளில் ஏற்றி ஆற்றங்கரை வரை நடந்தே இறக்கினார்கள்.