நின்று காண வேண்டிய நாடு: சிக்கனமாக ஒரு கனடா பயணம்

மகனோ மகளோ கனடாவில் குடியேறிவிட்ட குடும்பங்கள் நம்மிடையே பல. கோடை நெருங்கியதும் பெற்றோருக்கு விமானச் சீட்டு வந்து சேர்கிறது. பேரக் குழந்தைகளைப் பார்க்கும் ஆவலில் அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள் ஏறத்தாழ ஒரு முழு நாள் பயணம் செய்து அங்கே போய் இறங்குகிறார்கள். பிள்ளைகள் காலையில் வேலைக்குச் சென்றுவிட, ஜன்னல் வழியே ஆளரவமற்ற தெருவைப் பார்த்தபடி மாதங்கள் கழிகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நயாகரா சென்று படம் எடுத்துக்கொள்வதோடு ஊர் பார்த்தல் முடிந்துவிடுகிறது. வேறு இடம் கேட்டால் பிள்ளைக்குச் செலவாகுமே என்ற தயக்கமே இதற்குக் காரணம். பலருக்கு இப்பயணம் வாழ்நாளில் ஒரே முறை வாய்ப்பது. அதைத் தயக்கத்திலேயே கழித்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு.

இத்தனைக்கும் கனடாவின் சிறந்த காட்சிகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. இருக்கும் இடங்களிலும் பெரிய தொகை அன்று. அங்கே பணம் கரைவது தூரத்திலும் அவசரத்திலும்தான். ஆகவே, குறைவான இடங்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வோர் இடத்திலும் கூடுதலான நாட்கள் தங்குவதே சிக்கனத்தின் முதல் விதி. மூத்தோரின் உடலுக்கும் அதுவே உகந்தது.

கிழக்கா, மேற்கா?

பரப்பளவில் உலகின் இரண்டாவது பெரிய நாடு கனடா. டொராண்டோவிலிருந்து மேற்குக் கரையின் வான்கூவருக்கு ரயிலில் செல்ல நான்கு இரவுகள் ஆகும். நாட்டுக்குள்ளேயே ஆறு கால மண்டலங்கள் உள்ளன. எனவே, 'கனடா முழுவதையும் பார்த்துவிடுவோம்' என்ற எண்ணத்தை முதலிலேயே கைவிடுதல் நலம். பிள்ளைகள் டொராண்டோ பக்கம் இருந்தால் கிழக்குப் பகுதியை மட்டும் காணலாம். கால்கரி, எட்மண்டன், வான்கூவர் ஆகிய ஊர்களில் இருந்தால் ராக்கி மலைத்தொடரை மட்டும் காணலாம். இரண்டையும் ஒரே கோடையில் இணைக்க முயன்றால் உள்நாட்டு விமானக் கட்டணமே பாதிச் சேமிப்பை விழுங்கிவிடும்.

காலத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரை பள்ளி விடுமுறைக் காலம். அறை வாடகை உச்சத்தில் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் கூட்டம் குறைவு. ஆனால் காட்டுப்பகுதிகளில் கொசுத் தொல்லை அதிகம். மலை ஏரிகள் சில அப்போதும் உறைந்தே கிடக்கும். செப்டம்பரே மூத்தோருக்கு ஏற்ற மாதம். வெயில் இதமாக இருக்கும்; வாடகை இறங்கும்; மாத இறுதியில் மேப்பிள் மரங்களின் இலைகள் சிவக்கத் தொடங்கும். எந்த மாதமாயினும் கம்பளிச் சட்டை அவசியம். ஜூலையிலும் மலையின் விடியற்காலை நடுங்க வைக்கும்.

முதல் செலவு காப்பீடு

சிக்கனம் காட்டக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது மருத்துவக் காப்பீடு. கனடாவின் அரசு மருத்துவத் திட்டங்கள் அந்நாட்டில் குடியிருப்போருக்கானவை. பார்வையாளராகச் செல்பவர் மருத்துவமனைக் கட்டணம் முழுவதையும் தாமே ஏற்க வேண்டும். சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்ந்தாலும் ஆயுட்காலச் சேமிப்பு கரைந்துவிடக்கூடும். பிள்ளையின் தலையில் கடன் ஏறக்கூடும்.

கனடாவின் குடிமக்கள், நிரந்தரக் குடியுரிமை பெற்றோர் ஆகியோரின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் 'சூப்பர் விசா' உள்ளது. 2022ஆம் ஆண்டு முதல் இதில் ஒரு முறைக்கு ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். இதற்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கான ஓராண்டுக் காப்பீடு கட்டாயம். சாதாரணப் பார்வையாளர் விசாவில் பொதுவாக ஆறு மாதம் தங்கலாம். அதற்குக் காப்பீடு கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதற்காக எடுக்காமல் இருப்பது அறிவுடைமை ஆகாது.

காப்பீட்டுப் பத்திரத்தில் ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை குறிப்பிட்ட காலத்துக்கு மாற்றமின்றி நிலையாக இருந்தால்தான் பல நிறுவனங்கள் அவற்றுக்குப் பொறுப்பேற்கும். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் மாத்திரையின் அளவை மாற்றினாலும் 'நிலையற்ற நோய்' என்ற பட்டியலில் சேர்ந்துவிடலாம். ஆகவே, மருத்துவரைச் சில மாதங்கள் முன்பே பார்த்து, மருந்தை முறைப்படுத்திக்கொள்வது நல்லது. பிரீமியம் குறையும் என்று நோயை மறைத்தால், தேவைப்படும் நாளில் பத்திரம் பயன்படாது. முன்னதாகவே ஊர் திரும்பினால் எஞ்சிய மாதங்களுக்கான பிரீமியத்தைத் திருப்பித் தரும் பத்திரங்களும் உண்டு, கேட்டுப் பெறலாம்.

நயாகராவிலிருந்து தொடங்கலாம்

டொராண்டோ நகரப் பேருந்திலும் மெட்ரோ ரயிலிலும் 65 வயது நிறைந்தோருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. ஒரு முறை கட்டணம் செலுத்தினால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டிகளிலும் மாறிக்கொள்ளலாம். 'கோ' ரயிலில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் 10 டாலருக்கு நாள் முழுவதும் பயணம் செய்யும் சீட்டு வழங்கப்பட்டு வருகிறது. அந்த ரயிலே நயாகராவுக்கும் செல்கிறது. வாடகைக் கார் இல்லாமலேயே அருவியைக் காணலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நயாகரா அருவியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஒரு காலத்தில் ஆற்றங்கரையைத் தனியார் வளைத்துக்கொண்டு, அருவியைப் பார்க்கவே காசு வாங்கினர். அதற்கு முடிவு கட்டும் நோக்குடன் ஒன்டாரியோ அரசு 1885இல் நயாகரா பூங்கா ஆணையத்தை அமைத்தது. 1888 முதல் விக்டோரியா அரசி பூங்கா மக்களுக்குத் திறந்திருக்கிறது. குதிரை லாட வடிவில் ஏறத்தாழ 57 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெருக்கு, சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி ஆகிய நான்கு பேரேரிகளின் நீர். அது ஐந்தாவது ஏரியான ஒன்டாரியோவை நோக்கிப் பாய்கிறது. படகும் கோபுரமும் இல்லாமல், கரையோர இருக்கையில் இரண்டு மணி நேரம் அமர்ந்தாலே மனம் நிறையும். அந்தி சாய்ந்ததும் அருவியின் மேல் வண்ண ஒளி பாய்ச்சுகிறார்கள், அதற்கும் கட்டணமில்லை.

ஒட்டாவா, கியூபெக்

டொராண்டோவிலிருந்து கியூபெக் நகரம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி செல்வதைவிடச் சற்றே அதிகம். இடையில் தலைநகர் ஒட்டாவாவிலும் மாண்ட்ரியலிலும் இரண்டிரண்டு நாட்கள் தங்கிச் சென்றால் களைப்புத் தெரியாது. ரயிலில் 60 வயது நிறைந்தோருக்குத் தள்ளுபடி உண்டு. முன்கூட்டியே பதிவு செய்தால் கட்டணம் மேலும் குறையும்.

ஒட்டாவாவில் நாடாளுமன்றக் கட்டடத்தை அடுத்து ரீடோ கால்வாய் ஆற்றில் இறங்குகிறது. 1826 முதல் 1832 வரை வெட்டப்பட்ட இக்கால்வாய் 202 கிலோமீட்டர் நீளமுடையது. 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே படிக்கட்டுப் போல எட்டு நீர்க்கதவு அறைகள் உள்ளன. ஊழியர்கள் கையால் சுழற்றிக் கதவுகளைத் திறக்க, படகுகள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்குகின்றன. பேரக் குழந்தைகளோடு அமர்ந்து காணத் தகுந்த காட்சி இது, செலவு ஏதுமில்லை.

கியூபெக் நகரம் 1608இல் பிரெஞ்சுக்காரர்களால் நிறுவப்பட்டது. பிரெஞ்சு மொழியை ஒரு சமூகம் நான்கு நூற்றாண்டுகளாக எவ்வாறு போற்றி வருகிறது என்பதை அதன் மதில்களுக்குள் நடந்தாலே உணரலாம். அருகிலுள்ள மான்ட்மொரென்சி அருவி 83 மீட்டர் உயரம், நயாகராவைவிட உயரமானது. நகரப் பேருந்திலேயே சென்று வரலாம்.

மண்ணின் முதல் மக்கள்

கனடாவின் பண்பாடு ஐரோப்பியர் வருகையோடு தொடங்கியதன்று. ஒட்டாவாவிலிருந்து ஆற்றைக் கடந்தால் கனடிய வரலாற்று அருங்காட்சியகம் நிற்கிறது. அதன் பெருமண்டபத்தில் பசிபிக் கரையோரப் பழங்குடிகளின் மரத்தூண்கள் விண்ணளாவ நிற்கின்றன. செம்மரத்தை ஒத்த சீடர் மரத்தில் காகம், கழுகு, கரடி, திமிங்கிலம் எனக் குலச்சின்னங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இவை வழிபாட்டு உருவங்கள் அல்ல. ஒவ்வொரு குலத்தின் வரலாற்றையும் உரிமையையும் சொல்லும் சாசனங்கள்.

அத்தூண்களின் முன் நிற்கும்போது ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். அக்கரையோர மக்களின் 'பாட்லாட்ச்' என்னும் சடங்கை 1885 முதல் 1951 வரை கனடிய அரசு சட்டத்தால் தடை செய்திருந்தது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டிக்கும் விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். இவற்றுக்கிடையிலும் பாட்டிகளும் தாத்தாக்களும் மறைவாகக் கற்பித்ததால்தான் பாடல்களும் சடங்குகளும் பிழைத்தன. பேரக் குழந்தைகளுக்குத் தமிழ் மறந்துவிடுமோ என்று கவலைப்படும் மூத்தோருக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

ஜூன் 21 தேசியப் பழங்குடி மக்கள் நாள். கோடை முழுவதும் 'பவ்வாவ்' என்னும் நடன விழாக்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. பலவற்றுக்கு வெளியாரும் செல்லலாம். பறையோசையுடன் ஆடுவோர் அணிவகுத்து நுழையும்போது எழுந்து நிற்பது மரபு. அவர்களின் உடையைத் தொடுதல் கூடாது. அனுமதியின்றிப் படம் எடுத்தலும் கூடாது. நறும்புல்லையும் மூலிகைகளையும் புகைத்து மனத்தைத் தூய்மை செய்யும் அவர்களது வழக்கம், சாம்பிராணிப் புகையை அறிந்தவர்களுக்கு எளிதில் புரியும்.

மேற்கே செல்வோருக்கு

பான்ஃப் 1885இல் தோன்றிய, கனடாவின் முதல் தேசியப் பூங்கா. பனியாறுகள் பாறையை அரைத்த நுண்துகள் நீரில் மிதப்பதால் லூயிஸ் ஏரி பச்சை கலந்த நீலமாக ஒளிர்கிறது. அருகிலுள்ள மொரெய்ன் ஏரிக்குச் சொந்தக் காரில் செல்ல இப்போது அனுமதியில்லை. பூங்காத் துறையின் பேருந்தில் முன்பதிவு செய்ய வேண்டும். லூயிஸ் ஏரியிலிருந்து ஜாஸ்பர் செல்லும் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் மலைச்சாலையில் வண்டியிலிருந்தபடியே பனியாறுகளைக் காணலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு இதைவிட எளிய மலைப்பயணம் அமைவது அரிது.

தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டு ஒன்றில், ஒரே வண்டியில் செல்லும் ஏழு பேர் வரை நுழையலாம். 17 வயது வரை கட்டணமில்லை. 65 வயது நிறைந்தோருக்குக் கட்டணம் குறைவு. 2025 கோடையில் அரசு அனைவருக்குமே இலவச நுழைவை அறிவித்தது. ஆகவே, பணம் கட்டுமுன் அவ்வாண்டின் சலுகைகளை விசாரிக்க வேண்டும். ஜூலை முதல் பாதியில் கால்கரியில் ஸ்டாம்பீட் திருவிழா நடப்பதால் அறை வாடகை ஏறும், அந்நாட்களைத் தவிர்க்கலாம். பூங்காவிலிருந்து ஒரு கூழாங்கல்லையோ பூவையோ எடுத்து வருவதும் விலங்குகளுக்கு உணவளிப்பதும் குற்றம். பூஜையறைக்கென்று கல் எடுக்கும் ஆசையை அங்கே விட்டுவிட வேண்டும்.

தங்குமிடமும் உணவும்

கோடை விடுமுறையில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் விடுதி அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. சிலவற்றில் சிறு சமையலறையும் உண்டு. அரிசியும் பருப்பும் சிறு குக்கரும் கையிலிருந்தால் உணவுச் செலவு பெருமளவு குறையும். குழாய் நீரையே குடிக்கலாம். கடைகளில் எழுதியிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. ஒன்டாரியோவில் 13 விழுக்காடும் கியூபெக்கில் ஏறத்தாழ 15 விழுக்காடும் கூடும். உணவகத்தில் அன்பளிப்பும் தருவது வழக்கம். அட்டை இயந்திரம் 'ரூபாயா, டாலரா' என்று கேட்டால் டாலரையே தேர்வு செய்ய வேண்டும்; ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் நட்டம் நேரும். சைவ உணவு என்று எழுதியிருந்தாலும் முட்டை இருக்கலாம். கேட்டு உண்பது நலம்.

டொராண்டோவை ஒட்டிய ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில், மாண்ட்ரியல் புறநகர் முருகன் கோயில் ஆகியவற்றுக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடையில் டொராண்டோ நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்தங்கியது. ஆகவே நம் ஊர் நாட்காட்டியின் ஏகாதசி அங்கே முந்தின நாளே வரக்கூடும். அங்குள்ள கோயில்களின் பஞ்சாங்கத்தையே பின்பற்ற வேண்டும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும் என்பதையும் நினைவில் வைத்தால், மாலை விளக்கேற்றுவதில் குழப்பம் நேராது.

இறுதியாக, புறப்படும் முன்பே பெற்றோர் தமக்கென ஒரு தொகையை ஒதுக்கி, பார்க்க விரும்பும் மூன்று இடங்களைத் தாளில் எழுதி, அதைப் பிள்ளைகளோடு பேசிவிடுவது நல்லது. கேட்கத் தயங்கும் பெற்றோரும், என்ன வேண்டுமென்று அறியாத பிள்ளைகளும் ஒரே வீட்டில் மாதக்கணக்கில் இருப்பதைவிட அது மேல். மூன்று இடங்களே போதும். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அருவிக்கரையில் அவசரமின்றி நின்ற ஒரு மாலைப்பொழுது, ஊர் திரும்பிய பின்னும் நெடுங்காலம் உடனிருக்கும்.