பால்கோவாவும் தேகாப்பியாசமும்

இராஜபாளையத்தில் வசிப்பவர்களுக்குத் தேகாப்பியாசத்தைவிடக் கடினமான விரதம் ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்விட்டுப் பால்கோவா வாங்காமல் திரும்புவதே அது. பாலும் சர்க்கரையும் சேர்ந்து சுண்டிய அந்தப் பட்சணத்துக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஊர்ப் பெருமையை உண்ணாமலிருப்பது தேசபக்தியாகுமா?

"காலையில் அரைமணி நேரம் நடந்தேனே!" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பொட்டலத்தைப் பிரிக்கிறோம். அந்த நடையில் செலவாவது சுமார் 100 முதல் 150 கலோரி. நூறு கிராம் பால்கோவாவோ 300 கலோரிக்கு மேல் தந்துவிடும். கால்கள் தோற்றன; நாக்கு ஜெயித்தது!

அதற்காக நாக்கைச் சிறையிலிட வேண்டியதில்லை. காந்தியடிகள் 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்து ஆரோக்கியத்தைப் பற்றி எழுதியபோது, உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை அவுன்ஸ் வெல்லமோ சர்க்கரையோ அனுமதித்தார். அதாவது சுமார் 42 கிராம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் வகுத்த வரம்பின்படி, 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராமுக்குள். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நலம். காப்பியில் போடும் சர்க்கரையும் இதில் அடக்கம்.

ஆகவே, பால்கோவா வந்த தினத்தில் காப்பிச் சர்க்கரையைக் குறைப்போம். பொட்டலத்தை வீட்டார் அனைவருக்கும் பங்கிட்டு, ஆளுக்கு இரண்டு தேக்கரண்டியுடன் நிறுத்துவோம். நீரிழிவுள்ளவர்கள் வைத்தியரின் சொற்படி நடக்கவேண்டும். மறுநாள் நடையும் வழக்கம்போல் இருக்கட்டும், அது தண்டனையன்று.

பங்கிட்டு உண்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பொட்டலம் அன்றே காலியாகிவிடும். நள்ளிரவில் சமையலறைக்கு ஓசையின்றி நடக்கும் நடை எந்தத் தேகாப்பியாசக் கணக்கிலும் சேராதல்லவா?