கூலி என்னும் சொல்

தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். உழைப்பவனைக் குறிக்கக் ‘கூலியாள்’ என வேறு சொல் உண்டு. 619ஆம் குறளில் வள்ளுவரும் முயற்சியின் பயனையே கூலி என்றார்.

ஆங்கிலத்திலோ அது ஆளின் பெயராயிற்று. குசராத்துக் ‘கோலி’ இனப்பெயரே அதற்கு மூலம் என்பாரும் உளர். தமிழ்ச்சொல்லே மூலம் என்பாரும் உளர். மலாய் மொழியிலும் ‘கூலி’ உடலுழைப்பாளியே. ஊதியத்துக்கு ‘ஊப்பா’ என்பர். சீனர் இவ்வொலிக்கு அமைத்த ஈரெழுத்துகள் ‘துன்பம்’, ‘வலிமை’ எனப் பொருள்படும்.

ஒலியொப்புமை மட்டும் உறவாகாது. கெடாவின் கூலிம் நகர் ஒரு மரத்தால் பெயர்பெற்றது என்பர்.

சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் இரு பொருளும் எதிர்ப்பட்டன. பால்மரம் சீவியவர் பெற்றதும் கூலி. துரைமார் அவரை அழைத்ததும் கூலி. மனிதரை அவர் வாங்கும் காசாகச் சுருக்கிற்று அவ்வழைப்பு. மலாயாவில் இந்தியரின் ஒப்பந்தமுறை 1910இல் ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. இழிசொல்லோ உடனே ஒழியவில்லை.

அக்குறளைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றையும் சேர்த்துரைத்தல் நன்று. பாட்டன் பாட்டியர்மேல் வீசப்பட்ட சொல், உண்மையில் அவர்க்கு வரவேண்டிய உரிமையின் பெயர் என்பதை மாணவர் உணர்வர்.